குறைந்தால் யாரும் கேட்காத ஓர் எண்

வருஷத்துக்கு ஒரு தடவை ஆபீஸில் எடுக்கச் சொல்லும் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் உங்கள் வீட்டிலும் நாலைந்து கிடக்கும். அதில் லிவர் டெஸ்ட் என்ற பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். பிலிருபின், எஸ்.ஜி.பி.டி. போன்ற வரிகளுக்குப் பக்கத்தில் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்று ஒரு வரி இருக்கும். இது எல்லையைத் தாண்டி ஏறியிருந்தால் கல்லீரலா, பித்தக்குழாயா, எலும்பா என்று டாக்டர் விசாரிப்பார். குறைந்திருந்தால்? பெரும்பாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை. "குறைவுதானே, நல்லதுதான்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

அந்தக் குறைவுக்குப் பின்னால் நூறு வருஷக் கதை ஒன்று இருக்கிறது. லண்டனில் ஆரம்பித்து டொராண்டோ, செயின்ட் லூயிஸ், மான்ட்ரியால் என்று சுற்றி, கடைசியில் டெல்லி அரசாங்கத்தின் ஒரு பட்டியலில் வந்து நிற்கும் கதை. நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் ஆசாமி. ஆனால் குழந்தைகளோடு வெளியூரில் வசிக்கிற நமக்கு இந்தக் கதை தெரிந்திருப்பது நல்லது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

1923-ல் லண்டன் லிஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ராபர்ட் ராபிசன் என்ற உயிர்வேதியியல்காரர் இருந்தார். எலும்பு எப்படிக் கெட்டியாகிறது என்பது அன்றைக்குப் பெரிய புதிர். எலும்பு என்பது புரதத்தால் ஆன வலை. அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிகமாக உட்கார வேண்டும். ரத்தத்தில் இரண்டும் இருக்கின்றன. அப்படியிருக்க எலும்பில் மட்டும் ஏன் படிகிறது, தசையில் ஏன் படிவதில்லை? வளர்ந்து கொண்டிருக்கும் எலி, முயல்களின் எலும்புகளில் ஒரு என்ஸைம் (நம் பாடப்புத்தகத் தமிழில் நொதி) இருப்பதை ராபிசன் கண்டார். அது சர்க்கரையோடு ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைப் பிரித்து விடுவித்தது. எலும்பு கெட்டியாவதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார். நம் ரிப்போர்ட்டில் இருக்கும் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் அதுதான்.

ராபிசன் சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த என்ஸைம் குடலிலும் சிறுநீரகத்திலும்கூட இருக்கிறதே, அங்கெல்லாம் எலும்பு முளைக்கவில்லையே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இதற்கிடையில் 1929-ல் ஹெர்பர்ட் கே என்பவர் எலும்பு நோயாளிகளின் ரத்தத்தில் இந்த என்ஸைம் ஏறிக்கிடப்பதைக் காட்டினார். பாஜெட் நோய் என்று ஒன்று உண்டு. வயதானவர்களின் எலும்பு தாறுமாறாகக் கரைந்து வளரும் நோய். அதில் மிக அதிகம். வைட்டமின் டி குறைவால் குழந்தைகளின் கால் வளையும் ரிக்கெட்ஸிலும் அதிகம். ஆக, டாக்டர்களின் மனதில் ஒரு வாய்ப்பாடு பதிந்தது: ரிக்கெட்ஸ் என்றால் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் ஏறியிருக்கும்.

ராபிசன் 1941-ல் இறந்துபோனார். அவர் சொன்னதற்குச் சாட்சி ஏழு வருஷம் கழித்து வந்தது. 1948-ல் டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் ஜான் ராத்பன் என்ற டாக்டர் ஓர் ஆண் குழந்தையைப் பற்றி எழுதினார். கடுமையான ரிக்கெட்ஸ். எடை ஏறவில்லை, குறைந்துகொண்டே போனது. வலிப்பு வந்தது. குழந்தை பிழைக்கவில்லை. வாய்ப்பாட்டின்படி ஏறியிருக்க வேண்டிய என்ஸைம், இந்தக் குழந்தையின் ரத்தத்தில் இயல்பைவிடக் குறைவாக இருந்தது. எலும்பிலும் மற்ற திசுக்களிலும் பார்த்தார்கள், அங்கேயும் அப்படியே. ராத்பன் இதை ஒரு புது நோய் என்று சொல்லி, ஹைப்போபாஸ்பேட்டேஸியா என்று பெயர் வைத்தார். பாஸ்பேட்டேஸ் குறைந்த நோய் என்று பொருள். (ஹைப்போபாஸ்பேட்டீமியா என்று இன்னொன்று இருக்கிறது. அது ரத்தத்தில் பாஸ்பேட்டே குறைவது. வேறு நோய், வேறு மருந்து. ஓர் எழுத்து இரண்டு எழுத்துதான் வித்தியாசம் என்பதால் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்த ஓர் எண்ணை, லேப் செய்த தப்பு என்று ஒதுக்காமல், இது ஏன் இப்படி என்று ஒருவர் நின்று கேட்டதால்தான் இந்த நோய்க்குப் பெயரே கிடைத்தது. இதற்குப் பிறகு வரும் எல்லாம் அந்தக் கேள்வியின் தொடர்ச்சிதான்.

1957-ல் அதே டொராண்டோவில் டொனால்ட் ஃப்ரேஸர் கிடைத்த நோயாளிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தார். கடுமையான வகை, லட்சம் பிறப்பில் ஒன்று என்று கணக்கிட்டார். எந்த வயதில் தெரிய வருகிறது என்பதை வைத்து வகை பிரித்தார்கள். கருவிலேயே எலும்பு உருவாகாமல் பிறப்பவை ஒரு வகை. ஆறு மாதத்துக்குள் தெரிய வருவது இரண்டாவது. இந்த இரண்டிலும் உயிருக்கு ஆபத்து மூச்சில்தான். விலா எலும்பு மெத்தென்று இருந்தால் நெஞ்சுக்கூடு விரியாது. நுரையீரல் வேலை செய்ய முடியாது. மூன்றாவது வகை கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளில் தெரிவது. அதன் முக்கியமான அடையாளம் பல். ஐந்து வயதுக்கு முன்னாலேயே பால் பல், அதுவும் முன் பல், வேர் கரையாமல் முழுசாக விழுந்துவிடும். பல்லை எலும்போடு ஒட்டவைக்கும் பூச்சு சரியாக உருவாகாததே காரணம். நான்காவது பெரியவர்களுக்கு: பாதத்தில் அடிக்கடி கீறல் முறிவு, ஆறாத தொடை எலும்பு முறிவு, மூட்டு வலி.

என்ஸைம் குறைந்தால் எலும்பு ஏன் கெட்டியாகாது? இதற்கு விடை ராபிசன் நினைத்த வழியில் வரவில்லை. நம்மில் போர் தண்ணீர் வரும் அப்பார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கெய்சரிலும் குழாயிலும் வெள்ளையாக உப்பு படிகிறதே, அதைத் தடுக்கத் தண்ணீரில் பாலிபாஸ்பேட் என்ற ரசாயனத்தைச் சேர்ப்பது தொழிற்சாலைகளில் பழைய வழக்கம். 1960-களின் தொடக்கத்தில் ஹெர்பர்ட் ஃப்ளைஷ் என்ற ஸ்விஸ் விஞ்ஞானி, அந்தக் குடும்பத்தின் மிகச் சிறிய உறுப்பினரான பைரோபாஸ்பேட் நம் ரத்தத்திலும் சிறுநீரிலும் இயற்கையாகவே இருப்பதையும், அது கால்சியம் படிவதைத் தடுப்பதையும் காட்டினார். உடம்பு முழுதும் எலும்பாக இறுகிப் போகாமல் காப்பது இதுபோன்ற பொருள்கள். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அதை உடைத்துத் தள்ள ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ். 1965-ல் கிரஹாம் ரஸ்ஸல், ஹைப்போபாஸ்பேட்டேஸியா நோயாளிகளின் சிறுநீரில் பைரோபாஸ்பேட் அதிகம் போவதைக் கண்டுபிடித்தார். கணக்கு நேரானது. என்ஸைம் இல்லை, பைரோபாஸ்பேட் குவிகிறது, எலும்பு படிய விடாமல் மறிக்கிறது.

இந்தக் கண்டுபிடிப்புக்கு ஒரு கிளைக்கதை உண்டு. பைரோபாஸ்பேட்டைப் போலவே இருந்து, ஆனால் இந்த என்ஸைமால் உடைக்க முடியாத பொருள்களைத் தேடினார்கள் ஃப்ளைஷ் குழுவினர். அவைதான் பிஸ்பாஸ்போனேட் மருந்துகள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அலெண்ட்ரோனேட், அது இந்தக் குடும்பம். கோடிக்கணக்கானவர்களுக்கு உதவிய மருந்து. ஆனால் பைரோபாஸ்பேட் ஏற்கெனவே குவிந்து கிடக்கும் ஹைப்போபாஸ்பேட்டேஸியாக்காரருக்கு அதே ஜாடையுள்ள மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றின மாதிரி. அதனால்தான் எலும்புத் தேய்மான மாத்திரை தொடங்கும் முன் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் குறைவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள்.

வலிப்புக்கும் விடை கிடைத்தது. வைட்டமின் பி6 ரத்தத்தில் பாஸ்பேட் ஒட்டிய வடிவத்தில் சுற்றுகிறது. அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றினால்தான் செல்லுக்குள் போகும். கழற்றுவதும் இதே என்ஸைம். செயின்ட் லூயிஸ் நகரின் மைக்கேல் வைட் குழு 1985-ல் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் அந்த வடிவம் மிக அதிகமாக இருப்பதைக் காட்டியது. ரத்தத்தில் பி6 நிறைய, மூளைக்குப் பஞ்சம். இன்றைக்கும் நோயை உறுதி செய்ய இந்த பி6 சோதனை உதவுகிறது.

1988-ல் மரபணுவில் முதல் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. முதலாவது குரோமோசோமில் இருக்கும் ஏ.எல்.பி.எல். என்ற ஜீன். எலும்பு, கல்லீரல், சிறுநீரகம் மூன்றுக்கும் ஒரே ஜீன்தான். எலும்பின் என்ஸைம் லிவர் பக்கத்தில் ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று இப்போது புரிகிறதா? கடுமையான வகை வர அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பிழையுள்ள பிரதி வர வேண்டும். அவர்கள் இருவருக்கும் வெளியே ஒன்றும் தெரியாமல்கூட இருக்கலாம். ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. கனடாவின் மனிடோபா மாநிலத்தில் மெனோனைட் என்ற கிறித்தவச் சமூகம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொள்பவர்கள். அவர்களில் 25 பேருக்கு ஒருவரிடம் இந்தப் பிழை இருக்கிறது. 2,500 பிறப்பில் ஒரு குழந்தைக்குக் கடுமையான வகை வருகிறது. டொராண்டோவில் லட்சத்தில் ஒன்று என்றதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று கட்டிக்கொண்ட குடும்பங்கள் நம்மில் ஏராளம். குற்றம் சொல்லவில்லை. ஒரு குழந்தையை இப்படி இழந்த சொந்தத் திருமணத் தம்பதியர், அடுத்த கர்ப்பத்துக்கு முன் மரபியல் ஆலோசனைக்குப் போவது அவசியம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, என்ஸைம்தானே இல்லை, வெளியிலிருந்து கொடுத்துவிட்டால் என்ன? இது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. மைக்கேல் வைட்டுக்கும் தோன்றியது. என்ஸைமுக்கு எங்கே போவது? முன்னே சொன்ன பாஜெட் நோயாளிகள் ஞாபகம் இருக்கிறார்களா? அவர்கள் ரத்தத்தில் அது ஏராளம். அவர்களின் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவை எடுத்து, 1982-ல் ஒரு கைக்குழந்தைக்கு ஏற்றிப் பார்த்தார்கள். ஒருவர் நோயின் மிச்சம் இன்னொருவர் நோய்க்கு மருந்து! ரத்தத்தில் அளவு ஏறியது. ஆனால் அடுத்தடுத்த குழந்தைகளிடம் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. மனிதக் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்த என்ஸைமும் கைகொடுக்கவில்லை. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை சில குழந்தைகளுக்கு ஓரளவு உதவியது. இருபது வருஷத் தோல்வி கற்றுத் தந்த பாடம் இது: என்ஸைம் ரத்தத்தில் இருந்தால் போதாது, எலும்பின் மேல் போய் உட்கார வேண்டும்.

அதை உட்கார வைத்தவர்கள் இரண்டு இடத்தில் இருந்தார்கள். கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் ஹோசே லூயிஸ் மில்யான் இந்த ஜீன் இல்லாத எலிகளை உருவாக்கியிருந்தார். அந்த எலிக்குஞ்சுகள் வலிப்பு வந்து சில வாரங்களில் செத்துவிடும். மான்ட்ரியால் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிலிப் க்ரீன் தொடங்கிய எனோபியா என்ற சின்ன கம்பெனி மருந்தைக் கட்டியது. என்ஸைமின் வாலில் பத்து அஸ்பார்டிக் அமிலங்களைச் சங்கிலியாகக் கோத்தார்கள். எதிர்மின்னூட்டம் கொண்ட இந்தச் சங்கிலி எலும்பின் கால்சியத்தில் பச்சக் என்று ஒட்டிக்கொள்ளும். எலும்பில் இயற்கையாகவே உள்ள சில புரதங்களும் இப்படித்தான் ஒட்டுகின்றன. உடம்பில் சீக்கிரம் கரைந்துவிடாமல் இருக்க எதிர்ப்புரதத்தின் ஒரு துண்டையும் நடுவில் சேர்த்தார்கள். 2008-ல் எலி ஆய்வு வெளியானது: பிறந்த நாளிலிருந்து தினமும் தோலுக்கடியில் ஊசி போட்ட குஞ்சுகள் வலிப்பில்லாமல், நேரான எலும்போடு வளர்ந்தன.

அதே 2008-ல் மனிதர்களில் சோதனை ஆரம்பமானது. 2012 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவு வந்தது. உயிருக்குப் போராடும் நிலையில் இருந்த 11 குழந்தைகள், எல்லோரும் மூன்று வயதுக்குள். ஆறு மாதம் முடித்த 10 பேரில் 9 பேருக்கு எலும்பு தேறுவது எக்ஸ்ரேயில் தெரிந்தது. மூச்சு சீரானது, தலை நிமிர்ந்தது, உட்காரப் பழகினார்கள். 2016-ல் இன்னும் பெரிய கணக்கு வந்தது. மருந்து பெற்ற 37 பேரில் ஐந்து வயதைத் தாண்டுவோர் 84 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். மருந்து வருவதற்கு முந்தைய 48 பேரின் மருத்துவக் குறிப்புகளைப் பார்த்தால் அதே கணக்கு 27 சதவீதம்.

மருந்தின் பெயர் அஸ்ஃபோடேஸ் ஆல்ஃபா. கடைப் பெயர் ஸ்ட்ரென்ஸிக். 2015-ல் முதலில் ஜப்பான், பிறகு கனடா, ஐரோப்பா, அக்டோபரில் அமெரிக்கா என்று வரிசையாக அனுமதி கிடைத்தது. இது நோயைத் துடைத்தெடுக்கும் மருந்து இல்லை. ஜீன் அப்படியேதான் இருக்கும். ஒரு கிலோ எடைக்கு வாரம் 6 மில்லிகிராம். அதை மூன்று ஊசியாகவோ ஆறு ஊசியாகவோ பிரித்து, தொடை, வயிறு, கை, பின்புறம் என்று இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். வாரம் மூன்று என்றால் வருஷத்துக்கு 156 ஊசி. ஆறு என்றால் 312. பெற்றோரே கற்றுக்கொண்டு வீட்டில் போடுகிறார்கள். போட்ட இடம் சிவக்கும், தடிக்கும், சதை குழி விழும். மருந்து ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். கண்ணிலும் சிறுநீரகத்திலும் கால்சியம் படிகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும்.

விலை? எனோபியாவை அலெக்ஸியன் என்ற அமெரிக்கக் கம்பெனி 2012-ல் வாங்கியது. முன்பணமே 61 கோடி டாலர். அலெக்ஸியனை 2021-ல் அஸ்ட்ராஜெனெகா வாங்கியது. அமெரிக்காவில் இந்த மருந்துக்கு ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு லட்சக்கணக்கான டாலர் ஆகிறது. எடைக்கேற்ற அளவு என்பதால் குழந்தை வளர வளர பில்லும் வளரும். பிள்ளை எடை போடுவதைப் பார்த்துச் சந்தோஷப்படும்போதே வயிற்றைக் கலக்கும் மருந்து இது.

இந்தியாவுக்கு வருவோம். என்ஸைம் ஊசிகளின் விலை இங்கே முதலில் நீதிமன்றத்தில்தான் பேசப்பட்டது. 2014 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், காஷே என்ற வேறொரு என்ஸைம் குறைபாடுள்ள சிறுவனுக்கு டெல்லி அரசு இலவசமாக மருந்து தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2017-ல் வந்து, 2018-ல் நிறுத்தி வைக்கப்பட்டு, 2021 மார்ச்சில் புதிதாக வந்தது. அதில் நோய்களை மூன்று பிரிவாக்கினார்கள். சிகிச்சை இருந்தும் விலை மிக அதிகமாக இருப்பவை மூன்றாம் பிரிவு. அதிலும் நீண்டகால அனுபவம் இன்னும் போதாது என்ற உட்பிரிவில் ஹைப்போபாஸ்பேட்டேஸியாவின் பெயர் இருக்கிறது. 2022 மே மாதம், எந்தப் பிரிவானாலும் ஒரு நோயாளிக்கு 50 லட்ச ரூபாய் வரை உதவி என்று மாற்றினார்கள். அதை அரசு அறிவித்த சிறப்பு மையங்கள் மூலமாகத்தான் பெற வேண்டும். டெல்லி எய்ம்ஸ், மும்பை கே.இ.எம்., லக்னோ எஸ்.ஜி.பி.ஜி.ஐ., பெங்களூரு மனித மரபியல் மையம் போன்றவை அவை. நாம் பிழைக்க வந்த ஊர்களிலேயே பல இருக்கின்றன. ஐம்பது லட்சம் பெரிய தொகைதான். வாழ்நாள் முழுதும் வேண்டிய ஊசிக்கு அது எத்தனை மாதம் வரும் என்பதே ஒவ்வொரு குடும்பமும் போட வேண்டிய கணக்கு. அந்தக் கணக்குக்கு இன்னும் நல்ல விடை இல்லை.

ஆனால் கண்டுபிடிப்பதற்கு அவ்வளவு செலவில்லை. சாதாரண ரத்தப் பரிசோதனை. இங்கேதான் சில விஷயங்களை மனதில் வைக்க வேண்டும். வளரும் குழந்தைக்கு ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் பெரியவர்களைவிட அதிகம் இருப்பதுதான் இயல்பு. 200, 300 என்று இருக்கும். லேப் ரிப்போர்ட்டில் பெரியவர்களுக்கான 40 முதல் 130 வரை என்ற எல்லையை அச்சடித்திருந்தால், குழந்தையின் 50 நார்மல் மாதிரியே தெரியும். அது நார்மல் இல்லை. குழந்தையின் வயதுக்கான எல்லை என்ன என்று கேளுங்கள்.

கால் வளைந்த குழந்தைக்கு வைட்டமின் டி குறைவு என்று நினைத்து ஒரே தடவையில் 6 லட்சம் யூனிட் ஊசி போடும் வழக்கம் நம் நாட்டில் வெகுகாலம் உண்டு. சாதா ரிக்கெட்ஸுக்கு அதனால் பலன் கிடைத்தது. ஹைப்போபாஸ்பேட்டேஸியா குழந்தைக்கு ரத்தத்தில் ஏற்கெனவே கால்சியம் ஏறிக்கிடக்கலாம். அங்கே அது கெடுதல். ஊசிக்கு முன் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் பார்த்தீர்களா என்று கேட்பது டாக்டரை அவமதிப்பது ஆகாது.

ஒரு தடவை குறைந்ததும் பயப்படவும் வேண்டாம். துத்தநாகச் சத்துக் குறைவு, தைராய்டு குறைவு, கடும் சத்துக்குறைவு இவற்றாலும் குறையும். தப்பான டியூபில் ரத்தம் எடுத்தாலும் குறையும். திரும்பத் திரும்பக் குறைகிறதா என்பதே கேள்வி. சிரமம் என்னவென்றால், புனேயில் ஒரு லேப், டிரான்ஸ்ஃபரில் போன குர்காவ்னில் ஒரு லேப், லீவில் போன மதுரையில் ஒரு லேப் என்று நம் ரிப்போர்ட்டுகள் சிதறிக் கிடக்கும். மூன்றையும் ஒரே டாக்டர் பார்த்திருக்க மாட்டார். அதை ஒரு ஃபைலில் சேர்த்து வைக்க நம்மை விட்டால் ஆளில்லை.

நாலு வயசுப் பிள்ளைக்கு முன் பல் வேரோடு விழுந்தால் அந்தப் பல்லைத் தூக்கிப் போடாமல் ஒரு தாளில் மடித்துப் பல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கூடவே அந்த ஃபைலையும் எடுத்துப் போங்கள்.